லென்ஸ் வைக்கும் கை

குழந்தைக்குக் கான்டாக்ட் லென்ஸ் எழுதும் சீட்டில் மூன்று எண்கள் இருந்தால் லென்ஸ் செய்பவருக்குப் போதும்: பவர், வளைவு, விட்டம். நான் அவற்றுக்கு மேலே, ஓரத்தில், பேனாவால் இன்னொரு வரியும் எழுதுவேன். ‘வைப்பவர்: அம்மாச்சி.’ ‘வைப்பவர்: அப்பா.’ ‘வைப்பவர்: பெரியம்மா, காலையில் மட்டும்.’ அந்த வரி நிரம்பாமல் சீட்டைக் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. மூன்று எண்களையும் கருவியைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். இந்த வரிக்குக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். காலையில் யார் முதலில் எழுகிறார்கள், அடுப்படி யார் கையில், பிள்ளை யாரிடம் அடங்கும், யாருக்குக் கை நடுங்கும், வீட்டுக்குள் குழாய் இருக்கிறதா, தெருக் குழாயா, எல்லாம் கேட்க வேண்டும்.

மதுரையில் ஒரு கண் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் நான் ஆப்டோமெட்ரிஸ்டாகச் சேர்ந்தபோது அங்கே மூத்தவராக இருந்த அக்கா ஒருவரிடம்தான் இதைக் கற்றுக்கொண்டேன். குழந்தையின் கண்ணைப் பார்ப்பதற்கு முன் அவர் தாயின் நகத்தைப் பார்ப்பார். அப்புறம் பாட்டியின் நகத்தை. மருதாணி அழகாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே கையைப் பிடித்துத் திருப்பி, விரல் நுனியைத் தடவிப் பார்த்துவிடுவார். யார் கை லென்ஸுக்கு ஆகும் என்று அதற்குள் அவர் மனதில் ஒரு முடிவு வந்திருக்கும்.

என்னிடம் வந்த கைக்குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் பிறவிக் கண்புரையோடு பிறந்தவர்கள். எங்கள் பக்கத்தில் ‘கண்ணுல பூ விழுந்திருக்கு’ என்பார்கள். கண்மணியின் நடுவே பால் சொட்டு விட்டதுபோல் வெள்ளையாகத் தெரியும். பால் கொடுக்கும்போது தாய்தான் பெரும்பாலும் முதலில் பார்க்கிறாள். சொன்னால் வீட்டில் நம்புவதில்லை. நம்பிய பிறகு பழி அவள் தலையில் விழுகிறது. கிரகணத்தன்று வெளியே வந்தாயா, எதைத் தின்றாய், எதைப் பார்த்துப் பயந்தாய் என்று கேட்டுக் கேட்டு, எங்களிடம் வந்து சேரும்போது அந்தப் பெண் பாதியாகியிருப்பாள். அதனால் எதற்கும் முன்பு காரணத்தைச் சொல்லிவிடுவேன், வீட்டார் எல்லோரும் காதில் வாங்கும்படி. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் ரூபெல்லா வந்தால் குழந்தைக்குக் கண்புரை வரலாம். இதை ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941இலேயே கண்டு சொன்னார். சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களில் பரம்பரையாகவும் வரலாம். பல குழந்தைகளுக்கு எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைப்பதில்லை. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கி, ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை ஊசி போட்டபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பி மறுத்த பெற்றோரிடம் நான் மன்றாடியிருக்கிறேன். அந்த ஊசி எந்தெந்தக் கண்களைக் காக்கும் என்பது எனக்கு முகம் முகமாகத் தெரியும்.

புரையை டாக்டர் அறுவை செய்து எடுத்துவிடுவார். வெள்ளை போய்க் கண்மணி கறுப்பாகிவிட்டதைப் பார்த்ததும் குடும்பத்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்ற நிம்மதி வந்துவிடும். எங்கள் வேலை அங்கேதான் ஆரம்பமாகிறது. புரை என்பதே கெட்டுப்போன இயற்கை லென்ஸ்தான். அதை எடுத்த பிறகு ஒளிக்கு வழி கிடைத்துவிட்டது. ஒளியைக் குவிக்கப் பொருள் இல்லை. பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 17 மில்லிமீட்டர்தான் இருக்கும். வளர்ந்தவர் கண் 23, 24. அவ்வளவு குட்டையான கண்ணுக்குள் ஒளி குவிய வேண்டுமென்றால் பிளஸ் 25, 28, 30 என்று பவர் வேண்டும். தாத்தா பேப்பர் படிக்கப் போடும் கண்ணாடி பிளஸ் 2 அல்லது 3.

இரண்டு கண்ணிலும் அறுவை நடந்திருந்தால் நான் பல குடும்பங்களுக்குக் கண்ணாடியையே சிபாரிசு செய்வேன். விலை குறைவு, விழுந்தால் எடுத்து மாட்டலாம், யார் கையும் மாட்டிவிடும். கனமாக, அசிங்கமாக இருக்கும்; பள்ளியில் ‘சோடாபுட்டி’ என்பார்கள்; ஆனாலும் பார்வை வரும். ஒரு கண்ணில் மட்டும் புரை என்றால் நிலைமை வேறு. கண்ணாடி கண்ணிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி நிற்பதால் அந்தக் கண்ணுக்கு உலகம் கால் பங்குக்கும் மேல் பெரிதாகத் தெரியும். மற்றக் கண்ணில் இயல்பான அளவு. இரண்டு அளவில் வரும் இரண்டு படங்களை மூளையால் ஒன்றாகச் சேர்க்க முடியாது. கருவிழி மேலேயே ஒட்டி உட்காரும் லென்ஸில் அந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும்.

கண்ணுக்குள்ளேயே லென்ஸை வைத்துத் தைத்துவிட்டால் என்ன என்று எல்லா அப்பாக்களும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதைத் தெரிந்துகொள்ளவே அமெரிக்காவில் ஸ்காட் லாம்பர்ட் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு கண்ணில் புரையோடு பிறந்து, ஏழு மாதத்துக்குள் அறுவை செய்யப்பட்ட 114 குழந்தைகள். பாதிப் பேருக்குக் கண்ணுக்குள் லென்ஸ், பாதிப் பேருக்குக் கான்டாக்ட் லென்ஸ். நாலரை வயதில் பார்த்தபோது இரண்டு கூட்டத்துக்கும் பார்வையில் வித்தியாசம் இல்லை. ஆனால் உள்ளே லென்ஸ் வைத்த குழந்தைகளுக்கு மறுபடி மறுபடி அறுவை தேவைப்பட்டிருந்தது. அதுவும் போக, கண் வளர வளரப் பவர் இறங்கிக்கொண்டே வரும். வெளியே வைக்கும் லென்ஸை மாற்றிவிடலாம். உள்ளே வைத்ததை நினைத்தபோதெல்லாம் மாற்ற முடியாது.

அந்த ஆய்வு சொன்ன இன்னொன்றையும் நான் மறைப்பதில்லை. இரண்டு கூட்டத்திலும் ஏறக்குறையப் பாதிக் கண்களில் பார்வை 6/60 (நல்ல கண் அறுபது மீட்டரில் படிக்கும் எழுத்தை ஆறு மீட்டரில்தான் படிக்கும்) அல்லது அதற்கும் கீழேதான் இருந்தது. எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் அந்தக் கண் நல்ல கண்ணைப் பிடித்துவிடும் என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. பெற்றோரிடம் இதை முதல் மாதத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. நம்பிக்கையை உடைக்கக் கூடாது என்று தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. நான் பார்த்தவரை, உண்மையைத் தெரிந்துகொண்ட குடும்பம்தான் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கிறது.

தேனிப் பக்கத்துக் குழந்தை ஒன்று. வலது கண்ணில் மட்டும் புரை. ஆறு வாரத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், அதுவே பாதி வெற்றி. ஒரு கண் புரையை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் எடுத்துவிட்டால்தான் அந்தக் கண் மூளையோடு பேசக் கற்றுக்கொள்ள நல்ல வாய்ப்பு. ஹியூபெல், வீசல் இருவரும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்து அறுபதுகளில் செய்த சோதனைகள் இப்படியொரு கெடு உண்டு என்பதைக் காட்டின. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நான் இதைக் குழந்தையின் அப்பாவுக்கு என் பாணியில் நீட்டி முழக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நடுவில் நிறுத்தி, “நாத்து முத்திருச்சுன்னா நட்டு பிரயோசனமில்ல. அதானே மேடம் சொல்றீங்க?” என்றார். அதற்குப் பிறகு எல்லா விவசாயக் குடும்பங்களுக்கும் அவர் சொன்ன மாதிரியே சொல்லிவருகிறேன்.

தலைப்பிரசவம் என்பதால் தாயும் பிள்ளையும் அப்போது திருப்பரங்குன்றம் பக்கம் அம்மாச்சி வீட்டில் இருந்தார்கள். அறுவை முடிந்து ஒரு வாரம் கழித்து லென்ஸ் பார்க்க வந்தார்கள். பச்சைக் குழந்தைக்குப் பவர் பார்க்க நல்ல நேரம் பால் குடிக்கும் நேரம். அறையை இருட்டாக்கிவிட்டு, தாயை மூலையில் உட்காரவைத்துப் பால் கொடுக்கச் சொல்வேன். குழந்தை வாயை வேலையில் விட்டுவிட்டுக் கண்ணை அகலத் திறந்து மேலே பார்க்கும். அந்த இடைவெளியில் ரெட்டினோஸ்கோப்பின் ஒளிக்கீற்றைக் கண்மணிக்குள் ஆட்டி, உள்ளிருந்து திரும்பிவரும் சிவப்பு நிழல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துவிட வேண்டும். கணக்குக்கு வந்த பவருக்கு மேல் இரண்டு மூன்று கூட்டியே எழுதுவோம். பச்சைக் குழந்தைக்குத் தூரம் என்று ஒன்று கிடையாது. தாயின் முகமும் தன் கைமுட்டியும்தான் அதன் ஊர்.

பிறகு லென்ஸைப் போட்டுப் பார்ப்பது. பழைய காட்டன் துண்டில் கைகளோடு சேர்த்துக் குழந்தையை இறுக்கிச் சுற்ற வேண்டும். லென்ஸை ஆள்காட்டி விரலில் நிறுத்தி, மேல் இமையைத் தூக்கி, லென்ஸின் மேல் விளிம்பை இமைக்கு அடியில் செருகி, கீழ் இமையை இழுத்து அதன் மேல் விடுவது. சொல்வதற்குத்தான் இவ்வளவு நேரம். அழும் குழந்தையின் இமைக்கு இருக்கும் பலத்தை அதுவரை தொட்டுப் பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். கல்லைப் பிளப்பது போலிருக்கும். நான் ஒரு முறை வைத்துக் காட்டினேன். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “என்னால முடியாது மேடம். கண்ணுக்குள்ள குத்திருவேன்.” அறுவை முடிந்த கண்ணைத் தொடத் தாய் பயப்படுவது இயல்பு. அவளை வற்புறுத்தினால் அன்றைக்குச் செய்வாள், வீட்டுக்குப் போய் நிறுத்திவிடுவாள்.

அம்மாச்சி எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பூ கட்டுகிறவர். மாட்டுத்தாவணியில் மல்லிகை எடுத்துவந்து வீட்டில் கட்டிக் கொடுப்பார். அவர் விரல்களைப் பார்த்தேன். மொட்டின் காம்பு நசுங்காமல், இதழ் கசங்காமல், வாழைநாரில் முடிச்சிட்டுத் தள்ளும் விரல்கள். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. “நீங்க வச்சுப் பாருங்கம்மா” என்றேன். “நானா தாயி? எனக்கு என்ன தெரியும்” என்றபடியே கையை நீட்டினார். முதல் தடவை லென்ஸ் கன்னத்தில் ஒட்டியது. கழுவிக் கொடுத்தோம். அடுத்த தடவை உள்ளே போய் உட்கார்ந்தது. எங்கள் பயிற்சி மாணவிகள் வாரக்கணக்கில் கஷ்டப்படும் காரியம் அது.

ஒன்றே ஒன்றுதான் என்னை யோசிக்கவைத்தது. அவர் வெற்றிலை போடுகிறவர். சுண்ணாம்பு தடவிய விரல் குழந்தைக் கண்ணுக்கு அருகே போகவே கூடாது. சுண்ணாம்பு பட்ட கண் வெந்துபோகும், காரம் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். பாக்கெட் சுண்ணாம்பால் கண் போன குழந்தைகளை எங்கள் அவசரப் பிரிவில் பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னதும் அவர் யோசித்துவிட்டு, “வெத்தலைப் பையத் தொடுறதுக்கு முன்னாடி புள்ள வேலையை முடிச்சிர்றேன். விடியக்காலம் எந்திருச்சதும்” என்றார். சீட்டில் எழுதினேன்: வைப்பவர், அம்மாச்சி. வெற்றிலைக்கு முன்.

கை சுத்தம் என்றால் நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் மிளகாய்த்தூள் விரல் ரேகையில் தங்கும்; ஆகவே அம்மி, மசாலா வேலைக்கு முன்பே லென்ஸ். கழுவிய கையைப் புடவை முந்தானையில் துடைக்கக் கூடாது. லென்ஸைக் குழாய்த் தண்ணீரிலோ போர்த் தண்ணீரிலோ நனைக்கவே கூடாது. அகந்தமீபா என்ற கிருமி தண்ணீரில் வாழும், கருவிழியை அரித்துவிடும். எச்சில் தொட்டு ஈரப்படுத்தக் கூடாது. எண்ணெய்க் குளியலன்று லென்ஸை முதலில் கழற்றிவிட வேண்டும், கண்ணில் எண்ணெய் விடக் கூடாது, சாம்பிராணிப் புகை வேண்டாம். கண் சிவந்தால் தாய்ப்பாலைப் பீச்சிவிட்டுப் பார்க்காமல் அன்றைக்கே வர வேண்டும். கண்மை மட்டும் பெரிய போராட்டம். கறுப்பாக மை தீட்டாத பிள்ளையைக் கண்ணேறு கழிக்காத பிள்ளையாகத்தான் பார்ப்பார்கள். நான் அந்த நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்பதில்லை. கன்னத்தில், நெற்றியில், உள்ளங்காலில் எவ்வளவு பெரிய பொட்டு வேண்டுமானாலும் வையுங்கள், கண்ணுக்குள் வேண்டாம் என்பேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

ஐந்தாம் மாதம் அந்தக் குழந்தையைப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். சீர் வரிசையோடு லென்ஸ் டப்பாவும் போனது. இதுதான் ஆபத்தான கட்டம் என்பது மூத்த அக்கா அடிக்கடி சொன்ன விஷயம். பழகிய கை ஒரு ஊரில் நின்றுவிடுகிறது, பிள்ளை வேறு ஊருக்குப் போய்விடுகிறது. வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் பெற்றோருக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கும். தாய்வீட்டில் பிறந்து புகுந்த வீட்டில் வளரும் குழந்தைக்கு எத்தனை பேரைப் பழக்க வேண்டும் என்பது அவற்றில் இருக்காது. நினைத்தது போலவே அடுத்த முறை வந்தபோது லென்ஸ் இல்லை. கூட வந்த அப்பத்தா என்னிடம் நேராகக் கேட்டார். “ஒரு கண்ணுதான் நல்லா இருக்குதே. பச்சப்புள்ளைய ஏன் போட்டுப் பாடாப் படுத்துறீங்க?”

கோபப்பட்டுக் கேட்கவில்லை. பேத்தி படும் பாட்டைப் பொறுக்காமல் கேட்டார். பேச்சால் பதில் சொல்லிப் பயனில்லை. குழந்தையை அவர் மடியிலேயே விட்டுவிட்டு, வலது கண்ணை, அறுவை செய்த கண்ணை, என் உள்ளங்கையால் மறைத்தேன். குழந்தை கண்டுகொள்ளவே இல்லை. என் வளையலைப் பார்த்துச் சிரித்தது. இப்போது இடது கண்ணை மறைத்தேன். உடனே சிணுங்கி, இரண்டு கையாலும் என் கையைத் தள்ளியது. தலையைத் திருப்பியது. வீறிட்டது. “பாத்தீங்களா, அந்தக் கண்ணை மூடினா இவளுக்கு உலகமே இருட்டு. நாளைக்கு நல்ல கண்ணுல ஒரு குச்சி குத்திட்டா?” என்றேன். பிறகு லென்ஸை வைத்து, அழுகை அடங்கும் வரை காத்திருந்து, மறுபடி இடது கண்ணை மூடினேன். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. அப்பத்தாவின் மூக்குத்தி பக்கம் மெல்லக் கை போனது. பிடித்தும்விட்டது.

அப்பத்தா அன்றைக்கே கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். கை நடுக்கம் விடவில்லை. ஆகவே குழந்தையின் அத்தை வந்து பழகிக்கொண்டாள், கல்லூரி படிக்கும் பெண். இரண்டு வருடம் அவள்தான். அவளுக்குத் திருமணமாகித் திருப்பூர் போனதும், நாற்று முத்தும் என்று சொன்ன அப்பா கற்றுக்கொண்டார். தாய்க்கும் அதற்குள் பயம் தெளிந்திருந்தது. லென்ஸை அவர் வைப்பார், கழற்றுவது அவள்.

லென்ஸ் மட்டும் போதாது, நல்ல கண்ணைத் தினமும் ஒட்டி மறைக்க வேண்டும். அப்போதுதான் சோம்பிய கண் வேலை செய்யும். எட்டு மாதம் வரை, வயது எத்தனை மாதமோ அத்தனை மணி நேரம். அதற்குப் பிறகு விழித்திருக்கும் நேரத்தில் பாதி. இதைத்தான் குடும்பங்கள் லென்ஸைவிடக் கஷ்டம் என்கின்றன. பார்க்கிற கண்ணை மூடிப் பார்க்காத கண்ணோடு பிள்ளையைத் தெருவில் விட எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஒட்டிய பிளாஸ்டரைப் பிள்ளை பிய்த்துப்போடும். வியர்வையில் தோல் சிவக்கும், சித்திரை மாதத்தில் கேட்கவே வேண்டாம். கோயில் திருவிழா, கல்யாண வீடு என்றால் நாலு பேர் கேட்பார்களே என்று அன்றைக்கு மட்டும் விட்டுவிடுவார்கள், அது ஒரு வாரமாகும். நான் திட்டுவதில்லை. திட்டு வாங்கியவர்கள் அடுத்த முறை வருவதில்லை.

லென்ஸ் தொலைவது பற்றிச் சொல்ல வேண்டும். தொலையாத லென்ஸ் கிடையாது. குழந்தை கண்ணைக் கசக்கும், லென்ஸ் தொட்டிலில் விழும், பாயில் விழும், பேருந்தில் விழும். தொலைந்தால் முதலில் கண்ணிலேயே தேடுங்கள், மேல் இமைக்குள் ஒதுங்கியிருக்கும். அங்கே இல்லையென்றால் யாரும் நடக்காமல், விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடியுங்கள், மின்னும். இதை ஒரு தாளில் எழுதி ஒட்டியே கொடுப்போம். இருந்தும் தொலையும். குழந்தைகளுக்கென்று வரும் சிலிக்கோன் லென்ஸ் இறக்குமதிச் சரக்கு. ஒன்றின் விலை ஒரு கூலிக் குடும்பத்தின் பல நாள் சம்பளம். இங்கேயே செய்யும் கடின லென்ஸ் விலை குறைவு, பவரும் வேண்டியபடி கிடைக்கும், ஆனால் பழக நாளாகும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்கும் ஒரு காலத்தில் இந்தக் கதைதான். 1992இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கிய பிறகு அதன் விலை வெளிநாட்டு விலையில் சிறு பங்காகிவிட்டது. புரை எடுத்த குழந்தையின் லென்ஸுக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை. அறுவைக்கு உதவி செய்ய மனிதர்களும் திட்டங்களும் முன்வருவதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது முறையாகத் தொலைந்த லென்ஸுக்கு உதவி கேட்டால் ‘கவனமா இருக்க வேண்டாமா’ என்கிறார்கள். கைக்குழந்தையிடம் எந்தக் கவனத்தை எதிர்பார்ப்பது? முதல் இரண்டு வருடத்தில் பவர் வேகமாக இறங்கும், லென்ஸ் தொலையும், இரண்டையும் சேர்த்து இத்தனை லென்ஸ் தேவைப்படும் என்று அறுவைச் செலவோடேயே கணக்குப் போட்டு ஒதுக்க வேண்டும். பாதியில் லென்ஸ் நின்றுபோன கண்ணுக்குச் செய்த அறுவை வீண். அவ்வளவு கடுமையாகத்தான் இதைச் சொல்ல முடியும்.

வளர்ந்த பிள்ளைகள் கதை வேறு. கண் அலர்ஜியில் வருடக்கணக்காகக் கசக்கிக் கசக்கி, கருவிழி மெலிந்து கூம்பாகிப்போன பையன்கள் வருவார்கள். பத்து, பன்னிரண்டு வயது. கெரட்டோகோனஸ் என்பார்கள். கண்ணாடியால் அந்தக் கோணலைச் சரிசெய்ய முடியாது. கடின லென்ஸ் வைத்தால் அதற்கும் கருவிழிக்கும் நடுவே கண்ணீர் நிரம்பி மேடுபள்ளத்தைச் சமன்படுத்திவிடும். ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் தொட்டு நீல விளக்கில் பார்த்தால் அந்தக் கண்ணீர் பச்சையாக ஒளிரும். எங்கே தேங்குகிறது, எங்கே லென்ஸ் உரசுகிறது என்று அதில் தெரியும். இந்தப் பையன்களுக்கு அம்மாவை வைக்கச் சொல்ல மாட்டேன். அந்த வயதுப் பையன் தன் கண்ணைத் தானே தொடக் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் வாரம் மணல் விழுந்ததுபோல் உறுத்தும், கண்ணீர் கொட்டும். அவர்களை உட்காரவைத்து ஒட்டோ விக்டெர்லே கதையைச் சொல்வேன். செக்கோஸ்லோவாக்கியா வேதியியலாளர். 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டுச் சமையலறை மேசையில், பிள்ளைகள் விளையாடும் இரும்புத் துண்டு விளையாட்டுப் பெட்டியையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு இயந்திரம் பண்ணி, அதைச் சுழலவிட்டு மென்மையான கான்டாக்ட் லென்ஸ்களை வார்த்தெடுத்தார். பையன்களுக்கு டைனமோ என்றதும் முகம் மலரும். அதற்குள் கண்ணீர் நின்று, எதிரே உள்ள எழுத்துப் பலகையின் கடைசி வரி தெரிய ஆரம்பித்திருக்கும்.

கிட்டப்பார்வை ஏறுவதை மட்டுப்படுத்தும் லென்ஸ்கள் இப்போது வருகின்றன. அமெரிக்க எஃப்டிஏ 2019இல் அப்படியொரு லென்ஸுக்கு, எட்டிலிருந்து பன்னிரண்டு வயதில் தொடங்கும் பிள்ளைகளுக்கு, அனுமதி கொடுத்தது. வசதியுள்ள பெற்றோர் கேட்டு வருகிறார்கள். நல்லதுதான். தினமும் வெயில் வெளிச்சத்தில் விளையாடவும் விடுங்கள் என்று சேர்த்தே சொல்வேன்.

தேனிப் பெண் இப்போது ஆறாம் வகுப்பு. லென்ஸோடு வலது கண்ணில் 6/18. அந்தக் கண்ணுக்கு அது பெரிய சம்பாத்தியம். லென்ஸுக்கு மேல் பாலிகார்பனேட் கண்ணாடி போடுகிறாள், கிட்டத்தில் படிக்க உதவும். நல்ல கண்ணையும் அடி படாமல் காக்கும். போன முறை அப்பத்தாவும் அம்மாச்சியும் சேர்ந்தே வந்திருந்தார்கள். வயசுக்கு வரப்போகிற பெண், தினமும் லென்ஸை மாட்டிக் கழற்றிக்கொண்டிருப்பதை நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் எப்படிச் சொல்வது, இப்போதே உள்ளே வைத்துவிடலாமா என்பது அப்பத்தாவின் கேள்வி. கல்யாணப் பேச்சை இந்த வயதில் எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, கேள்விக்கு டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணின் வளர்ச்சி பெரும்பாலும் முடிந்துவிட்டது, அளவெடுத்து உள்ளே லென்ஸ் வைக்கலாம் என்றார் டாக்டர். வைத்தாலும் வைக்காவிட்டாலும் குழந்தையில் புரை எடுத்த கண்ணுக்குக் கிளாக்கோமா பல வருடம் கழித்தும் வரக்கூடும், ஆகவே கண் அழுத்தம் பார்ப்பதை ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது என்று இரண்டு பாட்டிகளிடமும் தனித்தனியாகச் சொன்னார். பெண்ணிடம் கேட்டார். கோ-கோ டீமில் எடுக்கும் மேட்ச் பிப்ரவரியில் இருக்கிறது, அதற்குப் பிறகு என்றால் சரி என்றாள். முழுப்பரீட்சை முடிந்து மே மாதம் என்று பேசி முடித்தோம். அதற்கு முன் ஜனவரியில் ஒரு தடவை அழுத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன்.